ரொனால்டைக் கூட்டிவரப் போனது

புனோம் பென்
19 ஜனவரி 2025

அன்புள்ள ஸ்வீட்டி அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீயும் மடத்தில் மற்றச் சகோதரிகளும் சுகமாக இருக்க வேண்டும். முட்டிவலிக்குக் கொடுத்தனுப்பிய தைலத்தை நீயே பூசிக்கொள். வழக்கம்போல இன்னொருவர் முட்டிக்குத் தானம் செய்துவிடாதே.

நான் இங்கே தட்டுவதை வெளிவாசல் அலுவலகத்தில் சிஸ்டர் டெக்லா அச்செடுத்து, சுழல் பெட்டியில் வைத்துத் திருப்பி, வெளியே வராமல் அடைப்புக்குள் இருக்கும் உனக்கு அனுப்புவார். உன் பதிலையும் அவரே போட்டோ எடுத்து அனுப்புவதாகச் சொன்னார். நமக்கு நடுவில் ஒருவர் இருக்கிறார் என்பதை இருவருமே நினைவில் வைத்துக்கொள்வோம். சிஸ்டருக்கு என் வணக்கம்.

இருந்ததிலேயே மலிவான டிக்கெட் என்பதால் கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். இங்கே ஆற்றுக்கு இரண்டு தெரு பின்னால் ஒரு விடுதி. ஓர் அறையில் எட்டுப் பெண்கள், எனக்கு மேல்கட்டில். மடத்து அறையைவிடச் சிறியது, ஆனால் திரை இருக்கிறது. இந்த ஊரில் டாலரும் ஓடுகிறது, அவர்கள் ரியலும் ஓடுகிறது. ஓரம் கிழிந்த டாலரை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. நான்கு கடையில் நீட்டிப் பார்த்தேன். நான்கு பேரும் ஏதோ இறந்ததைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

நம் தம்பி ரொனால்டின் கம்பெனி எங்கே என்று இன்னும் தெரியவில்லை. ஆகஸ்டில் டேட்டா என்ட்ரி வேலை என்று வந்தவன், நவம்பரோடு பேச்சை நிறுத்தினான். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்திருக்கிறது, ஒப்பந்தம் முடியாமல் விடமாட்டார்கள் என்று வேறு யாருடைய எண்ணிலிருந்தோ வந்த ஒரு செய்தி, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். நேரில் போய்ப் பேசினால் வழி பிறக்கும். ஸ்கூட்டரை விற்ற பணம் தீர்வதற்குள் அவனைக் கூட்டி வந்துவிடுவேன்.

அம்மாவைப் பொறுத்தவரை நான் ஹைதராபாதில் நூலகப் பயிற்சியில் இருக்கிறேன். அவள் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பால்கார மாதம்மாக்காவிடமும் மூச்சு விடாதே. பாலோடு சேர்த்து மொஹல்லாத் தெருவெல்லாம் ஊற்றிவிடுவாள்.

செபத்தில் நினைத்துக்கொள்.

உன் தங்கை
நிம்மி


மைசூரு
26 ஜனவரி 2025

கர்த்தருக்குள் பிரியமான நிம்மி,

நாங்கள் இங்கே சுகம். தைலத்தில் பாதி இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றிக் கேட்காதே.

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்கு நன்றி சொல்லி, அன்று சங்கீதத்தை வழக்கத்தைவிட உரக்கப் பாடிவிட்டேன். மதர் திரும்பிப் பார்த்தார்.

அம்மா இந்த மாதச் சந்திப்புக்கு வந்தாள். சந்திப்பறைக் கம்பிக் கிராதிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முதல் கேள்வியே இதுதான்: "ஏன்டி, புஸ்தகம் அடுக்கறதுக்கு ஹைதராபாத்ல டிரெயினிங்கா? அப்போ இத்தனை வருஷமா அவ அடுக்கினதெல்லாம்?" நான் சிரித்தேன். சிரித்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. "ரொனால்ட் பேசினானா, உனக்காவது ஏதாவது எழுதினானா?" என்று அடுத்துக் கேட்டாள். "வேலை அதிகமா இருக்கும்மா" என்றேன். பொய் இல்லை, ஆனால் பொய் இருக்க வேண்டிய இடத்தில் அதை வைத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார், "தாயின் உடம்புக்காகத்தானே" என்று விட்டுவிட்டார். எனக்கு விடவில்லை.

இந்த ஆண்டு சுழல் பெட்டிப் பொறுப்பு எனக்கு. அதனால் தினமும் காலையில் மாதம்மாக்காவின் குரலைக் கேட்கிறேன். முகத்தைப் பார்த்து வருடங்கள் ஆகின்றன. பெட்டிக்குள் பால் கேனை வைத்துக்கொண்டே, "ஏனுங்க சிஸ்டர், ரொனால்ட் தம்பி எப்படி இருக்குதுங்க? நம்ம கவினுக்கும் அங்கியே ஒரு எடம் பாக்கச் சொல்லுங்க. பாலிடெக்னிக்கு முடிச்சுப்போட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டீட்டு இருக்கறான்" என்றாள். "செபிக்கிறேன்க்கா" என்றேன். "செபமும் பண்ணுங்க, போனும் பண்ணச் சொல்லுங்க" என்றாள்.

நீ சாப்பிடுகிறாயா? பணத்தை மிச்சம் பிடிக்க வயிற்றைக் காயப் போடாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அன்புடன்
ஸ்வீட்டி
(சிஸ்டர் தெரேசிட்டா என்று கையெழுத்துப் போட்டால் நீ சிரிப்பாய்)


புனோம் பென்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள ஸ்வீட்டி அக்கா,

உன் கடிதத்தின் ஓரத்தில் சிஸ்டர் டெக்லாவின் கட்டைவிரலும் வந்திருந்தது. நீ, சிஸ்டர், கட்டைவிரல், மூன்று பேருமே சுகமாக இருப்பதாக எடுத்துக்கொண்டேன். நானும் சுகம்.

சாப்பிடுகிறேன். காலையில் தள்ளுவண்டியில் சோறும் பொரித்த முட்டையும் விற்கிறார்கள். மதியத்துக்கு வாழைப்பழம். தண்ணீரை விடுதியிலேயே பிடித்துக்கொள்ளலாம். ஆட்டோ மாதிரி ஒரு வண்டி இருக்கிறது, அதில் ஏறுவதில்லை. நகரப் பேருந்து போதும். பொது அலமாரியில் யாரோ விட்டுப்போன ஒரு நாவல் கிடைத்தது. கடைசிப் பக்கங்கள் இல்லை. அதனால் மெதுவாகப் படிக்கிறேன்.

இங்கே சௌம்யா என்று ஒரு மண்டியாக்காரி, மழலையர் பள்ளியில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தியர்கள் கூடும் இடத்தில் என் கன்னடத்தைக் கேட்டுவிட்டு அவளாகவே வந்து பேசினாள். ரொனால்ட் போல வந்து சிக்கலில் மாட்டிய பையன்களுக்கு மனு எழுதிக்கொடுத்து, காவல் நிலையத்துக்கும் தூதரகத்துக்கும் அலைந்து பழகியவள். எனக்கும் எழுதிக்கொடுத்தாள். பதில் வர நாளாகும் என்கிறாள்.

கம்பெனி ஊருக்கு வெளியே, பாதுகாப்புள்ள ஒரு வளாகத்தில் இருக்கிறதாம், எந்த இடம் என்று சொல்லவில்லை. விருந்தினரை அனுமதிப்பதில்லை. ஆனால் ரொனால்டோடு வீடியோவில் பேசிவிட்டேன். கொஞ்ச நேரம்தான். மெலிந்திருக்கிறான். "ஏன்க்கா வந்தே?" என்று கேட்டான். சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்ததால் அதற்கு மேல் பேசவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

நீ கவலைப்படும்படி எதுவும் இல்லை. வேலை ஒப்பந்தப் பிரச்சினை, அவ்வளவுதான். அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்திருக்கும். எதிர்வீட்டு கிரிஸிடம் வாங்கித் தரச் சொல்லிவிட்டேன்.

உன்
நிம்மி


மைசூரு
2 மார்ச் 2025

கர்த்தருக்குள் பிரியமான நிம்மி,

உன் உடம்பு தேறியிருக்க வேண்டும் என்று எழுத வந்தேன். உனக்கு உடம்பு சரியில்லை என்று நீ எழுதவே இல்லையே என்று அப்புறம்தான் உறைத்தது. மூன்று வாரமாகக் கடிதம் இல்லாததால் நானே உனக்குக் காய்ச்சல் வரவழைத்துவிட்டேன்.

வருகிற புதன் திருநீற்றுப் புதன். உனக்குத் தெரியும், அன்றிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது. எழுதவும் கூடாது, வருவதைப் பிரிக்கவும் கூடாது. கிராதிச் சந்திப்பும் இல்லை. நீ எழுது. சிஸ்டர் டெக்லா அச்செடுத்துக் கட்டி வைப்பார். பண்டிகை அன்று மொத்தமாகத் தருவார்.

அம்மா இன்று வந்தாள். முகத்தில் சந்தோஷம் பாதி, கோபம் பாதி. ரொனால்ட் மாதம்மாக்கா மகன் கவின்ராஜுக்குப் போன் செய்தானாம். இரண்டு மூன்று தடவை. "பெத்தவளுக்கு ஒரு ஹலோ இல்ல. கேரம் விளையாடினவனுக்கு மணிக்கணக்கா பேச்சு" என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேசறான்ல, அது போதும்" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் சிநேகிதனோடு மணிக்கணக்காகப் பேச முடிகிறவன் தன்னைத் தேடி வந்த அக்காவிடம் ஏன் கொஞ்ச நேரம்தான் பேசுகிறான்? அவன் ஏதாவது உன்னிடம் மறைக்கிறானா? நீ ஏதாவது என்னிடம் மறைக்கிறாயா? அப்படி இருந்தால் புதன்கிழமைக்குள் எழுது, நிம்மி. அதற்கப்புறம் நான் எதையும் தெரிந்துகொள்ள முடியாத இடத்தில் இருப்பேன்.

அன்புடன்
ஸ்வீட்டி


புனோம் பென்
16 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

சுகம் விசாரிப்பதற்கு இப்போது பொருள் இல்லை. நீ இதைப் படிக்கும்போது நாம் எல்லாரும் எப்படி இருப்போமோ தெரியாது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்தது. புதன் கழியட்டும் என்று இருந்தேன். உடனே படிக்கப்படாது என்று தெரிந்தால்தான் என்னால் இதை எழுத முடியும். சிஸ்டர் டெக்லா அச்செடுக்கும்போது கண்ணில் பட்டால், தயவு செய்து உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், சிஸ்டர்.

அது கம்பெனி இல்லை. மதிலுக்கு மேல் முள்கம்பி போட்ட கட்டடங்களாம். உள்ளே இருப்பவர்கள் நாள் முழுக்கப் போனில் முன்பின் தெரியாதவர்களிடம் நட்பாகப் பேசி, நம்பவைத்து, அவர்கள் சேமிப்பை வாங்கிவிட வேண்டும். ரொனால்டுக்கு ஒதுக்கியது இந்தி பேசும் விதவைகளும் ஓய்வு பெற்றவர்களும். வாரக் கணக்கு குறைந்தால் அடி. வீடியோவில் அவன் இடது கையைக் காட்டவே இல்லை. நான் கேட்டபோதும் காட்டவில்லை. சௌம்யாதான் அப்புறம் சொன்னாள், மின்சாரம் வைப்பார்கள் என்று. அவள் அதைச் சொன்னபோது ஒரு குழந்தைக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

அவனை விடப் போனில் ஒரு தொகை கேட்டார்கள். நம் வீட்டை விற்றாலும் கிட்டே போகாத தொகை. போலீஸில் கொடுத்த மனுவுக்கு எண் போட்டுத் தந்திருக்கிறார்கள். அதற்கு மேல் நகரவில்லை. நான் தினமும் நடக்கிறேன். அரண்மனையின் வெளிமதிலைச் சுற்றி, ஆற்றங்கரையில், சந்தைக்குள். உள்ளே போகக் கட்டணம் உள்ள எந்த இடத்தையும் நான் பார்க்கவில்லை. சாயங்காலம் ஆற்றங்கரையில் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்கிறார்கள். அறுபது வயசுப் பெண்கள் வரிசையாக நின்று கையைத் தூக்குகிறார்கள். இதே ஊரில்தான் இதுவும் நடக்கிறது.

நேற்று ரொனால்ட் கூப்பிட்டான். "இந்த மாசக் கடைசில விட்ருவாங்கக்கா. பேசி முடிச்சுட்டேன்" என்றான்.

"பணம் கேட்டாங்களேடா?"

"அது வேற மாதிரி முடிஞ்சுது."

நான் சரி என்றேன்.

நிம்மி


புனோம் பென்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

ரொனால்ட் வந்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஊர் எல்லையில் ஒரு பெட்ரோல் பங்க் பெயரைச் சொல்லி வரச் சொன்னார்கள். சௌம்யாவும் நானும் போனோம். ஒரு வெள்ளை வேன் நின்றது, கதவு திறந்தது, அவன் இறங்கினான், வேன் போய்விட்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் பாஸ்போர்ட்டும் ஒரு துண்டும். அப்பாவின் பழைய சட்டையைப் போட்டிருந்தான். அதற்குள் இன்னொரு ஆள் நுழையலாம் போல இருந்தது. நான் கட்டிப்பிடித்தேன். அவன் என் தோளுக்கு மேலே சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

பெண்கள் விடுதியில் அவனைச் சேர்க்க முடியாது. மின்விசிறி மட்டும் உள்ள ஓர் அறை எடுத்திருக்கிறேன். சோறும் முட்டையும் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறான். பகலிலும் தூங்குகிறான். தூக்கத்தில் யாரிடமோ இந்தியில் மிக மரியாதையாக, சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்துக்கொண்டீர்களா என்று விசாரிக்கிறான். அம்மாவிடம் இவன் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

விசா முடிந்தும் தங்கியதால், நாட்டைவிட்டுப் போக அனுமதித் தாள் வர வேண்டும். அடுத்த வாரம் இவர்கள் புத்தாண்டு, அலுவலகங்கள் மூடிவிடும். ஊரே சொந்தக் கிராமங்களுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. அறை வெந்துபோவதால், ஏ.சி. இருக்கும் நகரப் பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய் அதே பேருந்தில் திரும்புகிறோம். எங்களுக்குக் கட்டுப்படியாகும் சுற்றுலா அதுதான். நேற்று ஆறுகள் சேரும் இடம் ஜன்னலில் தெரிந்தது. "இந்த ஊர்ல இப்படி ஒரு ஆறு இருக்காக்கா?" என்று கேட்டான். எட்டு மாதம் இந்த நாட்டில் இருந்திருக்கிறான்.

நீ இதைப் படிக்கும் நாளில் மணி அடித்துக்கொண்டிருக்கும். எங்களுக்காகவும் பாடு.

நிம்மி


மைசூரு
20 ஏப்ரல் 2025, உயிர்ப்பு ஞாயிறு

கர்த்தருக்குள் பிரியமான நிம்மி,

பாஸ்கா வாழ்த்து. திருப்பலி முடிந்து, கேக் வெட்டி, பேச அனுமதி கிடைத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். உன் கடிதக் கட்டு சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வரும். அதற்குள் என்னிடம் உள்ள நல்ல செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன்.

ரொனால்ட் சரியாகிவிட்டான் என்று எனக்கு மார்ச்சிலேயே தெரிந்துவிட்டது. எப்படி என்று கேள். ஒரு வியாழக்கிழமை காலை மாதம்மாக்கா பெட்டிக்குள் கேனை வைத்துவிட்டு, "கவினு நாளைக்குக் கெளம்பறானுங்க சிஸ்டர். தாய்லாந்துங்க, ஓட்டல்ல கம்ப்யூட்டர் வேலைங்க. ரொனால்ட் தம்பிதான் டிக்கெட்டு மொதக்கொண்டு போட்டுக் குடுத்துச்சு. அது நல்லா இருக்கோணும்" என்றாள். தவக்காலம், அதிகம் பேசக் கூடாது. ஒரு நிமிடம் எனக்கு என்னவோபோல இருந்தது. சொல்லிவிடலாமா, ரொனால்டுக்கே அங்கே சிக்கல் என்று. உனக்குக் கொடுத்த வாக்கு, அம்மாவின் நெஞ்சு, இரண்டும் நினைவுக்கு வந்தன. அப்புறம், அடுத்தவனுக்கு வேலை வாங்கித் தரும் அளவுக்கு இருக்கிறான் என்றால் அவன் சிக்கல் தீர்ந்துவிட்டது என்றுதானே பொருள் என்று தோன்றியது. அந்த எண்ணம் எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா. மாதாவின் பதக்கம் ஒன்றை வைத்துப் பெட்டியைத் திருப்பினேன். "போய்ட்டு நல்லா வரட்டும்க்கா" என்றேன்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது. மீதி பிறகு.

நிம்மி, படித்துவிட்டேன். இரண்டையும்.

கவின் போய் ஒரு மாதம் ஆகிறது. போன அன்று ஒரு தடவை பேசினானாம். அதன் பிறகு, வேலை அதிகம் என்று வேறு எண்ணிலிருந்து ஒரு செய்தி.

நீ இருப்பது ரொனால்டின் பக்கத்தில். கேள். உடனே கேள். இன்னொன்று: ரொனால்ட் கவினோடு பேசுகிறான் என்று மார்ச் இரண்டாம் தேதியே உனக்கு எழுதியிருந்தேன். நீ இவ்வளவும் எழுதியிருக்கிறாய். அதைப் பற்றி மட்டும் இரண்டு கடிதத்திலும் ஒரு வரி இல்லை.

ஸ்வீட்டி


புனோம் பென்
24 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

கேட்டேன். "கவின் எங்கேடா?" என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"பேடா அக்கா. கேளபேடா." வேண்டாம், கேட்காதே என்றான்.

பயந்தால் அவனுக்குக் கன்னடம்தான் வரும், சின்ன வயதிலிருந்தே.

அப்புறம் தமிழில் சொன்னான். "காசு இல்லன்னா ஆளு. அதான் அவங்க ரூலு. ஒருத்தன் உள்ள வந்தா ஒருத்தன் வெளிய. நான் எல்லாருக்கும் போன் பண்ணேன்க்கா, காண்டாக்ட்ல இருந்த அத்தனை பேருக்கும். தாய்லாந்துல வேலைன்னேன், அங்க எறங்கினா ரோட்டுலயே இங்க கொண்டாந்துடுவாங்க. ஒருத்தன்கூட நம்பல. கவின் மட்டும், 'மச்சா நீ சொன்னா சரிடா'ன்னான்."

"அவனுக்கு என்ன நடக்கும்னு தெரியும்ல?"

"பட்டவனுக்குத்தானே தெரியும்." இடது கையை மடியில் வைத்து வலது கையால் மூடிக்கொண்டான். "நீ ஒரு நாள் உள்ள இருந்துட்டு வந்து கேளு."

சௌம்யாவோடு மறுபடி காவல் நிலையம் போனோம். கவின்ராஜ் பெயரில் புது மனு. வளாகத்தின் அடையாளத்தை ரொனால்டிடம் கேட்டார்கள். கண்ணைக் கட்டித்தான் கொண்டுவந்தார்கள், ஞாபகம் இல்லை என்றான். அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. தூதரகத்துக்கும் எழுதியிருக்கிறோம். கவினின் எண் அணைந்து கிடக்கிறது.

மே முதல் தேதிக்கு டிக்கெட். இதை விட்டால் இன்னொன்று எடுக்கப் பணம் இல்லை. ரொனால்டை அனுப்பிவிட்டு நான் இங்கேயே இருக்கலாமா என்று சௌம்யாவிடம் கேட்டேன். "இருந்து? ஆத்தங்கரைல நடப்பியா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

ஒன்று கேட்கிறேன். நாங்கள் வந்து சேரும்வரை மாதம்மாக்காவிடம் சொல்லாதே. அவர்கள் போலீஸுக்குப் போனால் ரொனால்டை விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். அம்மா அவனை ஒரு தடவையாவது வீட்டுக்குள் பார்க்கட்டும்.

நிம்மி


மைசூரு
4 மே 2025

கர்த்தருக்குள் பிரியமான நிம்மி,

வெள்ளிக்கிழமை நீங்கள் வந்து சேர்ந்ததை அம்மா சிஸ்டர் டெக்லாவுக்குப் போன் செய்து சொன்னாளாம். "எம் மகன் வந்துட்டான், மணி அடிங்க" என்றாளாம். அந்த ஒரு நாளை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து ஒரு வாரம், தினமும் காலையில் மாதம்மாக்காவின் பாலை வாங்கினேன். ஒவ்வொரு நாளும் அவள் கவினைப் பற்றி ஏதாவது சொன்னாள். அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டாள். மாதேஸ்வரன் மலைக்கு நடந்து வருவதாக வேண்டியிருப்பதாகச் சொன்னாள். நான் "ஆமாக்கா, சரிக்கா" என்றேன். இங்கே நாங்கள் பழகும் மௌனத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நேற்றுக் காலை சொல்லிவிட்டேன். மதரிடம் அனுமதி கேட்கவில்லை. பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ரொனால்ட் இருந்த இடம், கவின் இப்போது இருக்கும் இடம், எப்படி, யாரால். நானும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் போயிருக்கமாட்டான் என்பதையும். போய்விட்டாள் என்று நினைத்தேன். அப்புறம், "கேனைக் குடுங்க சிஸ்டர், நேரமாச்சு" என்றாள். காலிக் கேனை வைத்துத் திருப்பினேன். உங்கள் வீட்டுக்கு வருவாள்.

பணத்துக்குப் பதில் என்ன கொடுத்தான் என்று மார்ச்சில் நீ அவனிடம் கேட்கவில்லை, நிம்மி. எனக்குப் புரிகிறது. நான் புரிந்துகொள்வதால் உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

அம்மாவின் பக்கத்திலேயே இரு.

ஸ்வீட்டி


மைசூரு, பன்னிமண்டபம்
11 மே 2025

அன்புள்ள ஸ்வீட்டி அக்கா,

அம்மா சுகமாக இருக்கிறாள் என்று டாக்டர் சொல்கிறார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். பேசுவதில்லை. ரொனால்டுக்குச் சாப்பாடு போடுகிறாள். தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுகிறாள்.

மாதம்மாக்கா சனிக்கிழமையே வந்தாள், கூடவே அவள் கணவர் பழனிமுத்து அண்ணனும். அவர் வாசலைத் தாண்டவில்லை. ரொனால்ட் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். அண்ணன் வாசலில் நின்றபடியே, "வெளிய வரச் சொல்லுங்க. அடிக்க மாட்டேன். எம் பையன் என்ன போட்டுட்டு இருந்தான், எப்படி இருந்தான்னு கேக்கோணும், அவ்வளவுதான்" என்றார். ரொனால்ட் கதவுக்குள்ளிருந்து, "நான் பாக்கலண்ணா, அவனை வேற கட்டடத்துல வெச்சிருந்தாங்க" என்றான். அண்ணன் தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் நான் அவர்களோடு காவல் நிலையம் போய்ப் புகார் எழுதிக்கொடுத்தேன். ரொனால்டின் பெயரையும் நான்தான் எழுதினேன். தினமும் அவனைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். புனோம் பென்னில் கவின் மனுவுக்கு எண் கிடைத்திருப்பதாக சௌம்யா எழுதியிருக்கிறாள். அந்த எண்ணை மாதம்மாக்காவிடம் கொடுத்தேன். அதை வைத்து என்ன செய்வது என்று கேட்டாள். வைத்திருங்கள் என்றேன்.

நேற்றுச் சாயங்காலம் தனியாக வந்தாள். பால் கொண்டுவரவில்லை, நாங்கள் வாங்கமாட்டோம் என்று நினைத்தாளோ, தர மனமில்லையோ. படியில் உட்கார்ந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அம்மிணி, நீங்க ஒத்தப் பொம்பளையாப் போயி உங்க தம்பியக் கூட்டியாந்தீங்கல்ல. எப்படிப் போறதுன்னு சொல்லுங்க. ரெண்டு மாட்டைக் குடுத்தாப் போக முடியுமா?"

பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்றேன். எந்த டிக்கெட் மலிவு, எங்கே தங்கலாம் என்று சொன்னேன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நான் கூட வருகிறேன் என்றேன். கேட்காததுபோல இருந்தாள். அப்புறம் கேட்டாள்:

"ஆளுக்கு ஆளுதானுங்களே அவிய கணக்கு. நான் உள்ள போயி இருந்துக்கறேன், பையன விட்ருங்கன்னாக் கேப்பாங்களா?"

அங்கே என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், அக்கா. நீ சொல்லியிருக்கிறாய், நானும் சொல்லியிருக்கிறேன். தெரிந்துதான் கேட்டாள். அவர்களுக்கு ஆங்கிலமோ இந்தியோ பேசுகிறவர்கள்தான் வேண்டும், உங்களை எடுக்கமாட்டார்கள் என்றேன். அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்த காரணம் அது ஒன்றுதான்.

படியிலிருந்து எழுந்தாள்.

"நீங்க சொல்லிக் குடுங்க அம்மிணி" என்றாள். "கத்துக்கறேன்."

நாளைக்கும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

உன் தங்கை
நிம்மி